சத்திரம் பஸ்ஸில் போன ஹார்டு டிஸ்க்

தொட்டியத்தில் ஒரு கல்யாணம் முடிந்தால் அதன் படங்கள் திருச்சிக்குப் போயாக வேண்டும். ஆல்பம் போடுகிற கலர் லேப்களும் வீடியோ எடிட்டிங் பார்ப்பவர்களும் பெரும்பாலும் அங்கேதான். முசிறி வழியாகப் போனால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஃபிலிம் காலத்தில் ரோல் போனது. பிறகு கேசட் போனது, சி.டி. போனது, கடைசியில் ஹார்டு டிஸ்க் போனது. போன வழி மட்டும் மாறவில்லை. துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே லேப்பின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, நாமக்கல் பக்கமிருந்து வருகிற பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுப்பார்கள். “அண்ணே, சத்திரத்துல தம்பி ஒருத்தன் வந்து வாங்கிக்குவான், கொஞ்சம் பாத்துக்கங்க.” இரண்டு மணி நேரத்துக்குள் கவர் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கிவிடும்.

இன்றைக்கு ஸ்டுடியோவின் சுவரில் பச்சை விளக்கு எரிகிற வெள்ளைப் பெட்டி ஒன்று தொங்குகிறது. அதற்குள் நுழையும் இழை தலைமுடி அளவுக் கண்ணாடி. மாதச் சந்தாவில் 100 மெகாபிட், 300 மெகாபிட் என்று வேகம் கிடைக்கிறது. இருந்தும் ஹார்டு டிஸ்க் பஸ்ஸை விட்டு முழுவதுமாக இறங்கிவிடவில்லை. அதற்குக் காரணம் பழக்கம் அல்ல, கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த இருபது ஆண்டுகளில் ஊரில் உண்மையாக மாறியது எது என்பதும் தெரிந்துவிடும். வேகம் கூடியது பாதி விஷயம்தான். முன்பு முட்டுக்கட்டை தெருவில், செம்புக் கம்பியில் இருந்தது. இப்போது அது பெரும்பாலும் நம் மேசைமேல் இருக்கிறது. நாமோ இன்னும் தெருவைப் பார்த்துக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

“நூறு எம்.பி. பிளான் போட்டிருக்கேன், பதினொண்ணுக்கு மேல ஏற மாட்டேங்குது தம்பி.” ஃபைபர் இழுக்க வருகிற பையன்கள் தினமும் கேட்கிற புகார் இது. அந்தப் பதினொன்று சரியான எண்தான். லைன்காரர்கள் பிட்டில் எண்ணுகிறார்கள். கோப்பைக் கணினி பைட்டில் எண்ணுகிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட். அதிலும் முழுதும் நம் கோப்பு அல்ல. ஈதர்நெட்டில் போகும் ஒரு முழுப் பொட்டலம் கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கிறது. முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் போக நம் கோப்பின் பங்கு 1,460 பைட். ஆக வினாடிக்கு ஏறத்தாழ 11.9 மெகாபைட். இதை விண்டோஸ் 1,000-க்குப் பதில் 1,024 கணக்கில் காட்டும்போது 11.3 ஆகிறது. 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் திரையில் 465 என்று காட்டுவதும் அதே காரணத்தால்தான். யாரும் எதையும் திருடவில்லை.

ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணும்படி ஆனது ஏன்? நெட்வொர்க்கின் கணக்கு தொலைபேசியில் பிறந்தது. மனிதக் குரலில் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ளதை அனுப்பினாலே பேச்சு தெளிவாகப் புரியும். அதைத் தவறவிடாமல் பிடிக்க இரு மடங்கு, அதாவது வினாடிக்கு 8,000 முறை மாதிரி எடுக்க வேண்டும். மாதிரிக்கு 8 பிட் வீதம் ஒரு குரலுக்கு 64 கிலோபிட். 30 குரல்களும், மணியடிப்பு முதலிய வேலைகளுக்கு 2 இடங்களும் சேர்த்து 32 தடங்களை ஒரே கம்பியில் கட்டினால் 2.048 மெகாபிட். தொலைபேசித் துறை இதை ஈ-1 என்கிறது. 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனத்தின் சிறு எக்ஸ்சேஞ்சுகள் கிராமங்களுக்கு வந்து, எஸ்.டி.டி. பூத்துகள் ஊரூராகத் திறந்த காலத்தில், டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே ஓடிய கணக்கு இதுதான். ஒரு ஈ-1-இல் 30 பேர் பேசிக்கொண்டிருந்தால் 31-ஆவது ஆள் காத்திருக்க வேண்டியதுதான். எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாகப் பதிவுக் குரல் பொறுமையாகச் சொல்லும்.

இப்போது இந்த எண்ணைக் கணினிப் பக்கம் கொண்டுவந்து பாருங்கள். 1.44 எம்.பி. ஃபிளாப்பியை ஓட்டும் டிரைவ் வினாடிக்கு 500 கிலோபிட் படிக்கும். ஒரு ஈ-1 என்பது அப்படி நான்கு ஃபிளாப்பி டிரைவ்களின் வேகம். முப்பது குடும்பங்களின் வெளியூர்ப் பேச்சு அத்தனையும் நான்கு ஃபிளாப்பிக்குள் அடங்கிவிட்டது.

பெரிய எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே கண்ணாடி இழை அப்போதே வந்துவிட்டது. அதில் ஓடிய அடிப்படைச் சட்டகம் எஸ்.டி.எம்.-1. 9 வரிசை, 270 பத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பைட், மொத்தம் 2,430 பைட். இந்தக் கட்டம் முழுவதும் வினாடிக்கு 8,000 முறை போகிறது. பெருக்கினால் 155.52 மெகாபிட். அதில் 63 ஈ-1-கள், அதாவது ஒரே நேரத்தில் 1,890 பேச்சுகள். 8-ஆல் வகுத்தால் 19.44 மெகாபைட். அதே காலத்து வீட்டுக் கணினிக்குள் ஹார்டு டிஸ்கை மதர்போர்டோடு இணைத்த ஐ.டி.இ. ரிப்பன் கேபிளின் உச்ச வேகம் 33 மெகாபைட்; பிறகு அதுவே 66, 100, 133 என்று ஏறியது. ஆயிரத்து எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பேச்சுகளைச் சுமந்த கண்ணாடி இழையைவிட, ஒரு மேசைக்கு அடியில் கிடந்த ஒன்றரை அடிக் கேபிள் வேகமாக இருந்தது. ஊருக்கு வெளியே போவதுதான் கடினம். பெட்டிக்குள் எல்லாம் விரைவு. அன்றைய நிலவரம் முழுவதும் இந்த ஒரு ஒப்பீட்டில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததோ அதிலும் கொஞ்சம். அன்று அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-இல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தொலைபேசிக் கம்பியில் கீச்சிட்டபடி இணையும் மோடம் அதிகபட்சம் 56 கிலோபிட் வரை போனது. பைட்டில் சொன்னால் 7 கிலோபைட். ஒரே ஒரு ஃபிளாப்பியின் சரக்கை இறக்க, எல்லாம் நன்றாக நடந்தால், மூன்றரை நிமிடம். 100 மெகாபைட் கேபிளோடு ஒப்பிட்டால் லைன் 14,000 மடங்கு மெதுவாக இருந்தது. 2004-இன் பிராட்பேண்ட் கொள்கை 256 கிலோபிட் கிடைத்தாலே அது பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அந்தச் சேவையைத் தொடங்கியது. வினாடிக்கு 32 கிலோபைட். ஒரு முழு சி.டி.யை இறக்கினால் ஆறு மணி நேரத்துக்கு மேல். அதே சி.டி.யை 52 மடங்கு வேக டிரைவ் சில நிமிடங்களில் படித்து முடித்துவிடும். அந்த நிலையில் ஸ்டுடியோக்காரர்கள் பஸ்ஸை நம்பியதில் பிழையே இல்லை. வேறு எதை நம்புவது?

2003-இல் டிஸ்க் பக்கத்தில் ஒரு மாற்றம் வந்தது. வெளியே யாரும் பெரிதாகக் கவனிக்காத இந்த மாற்றத்தைத்தான் இந்தக் கதையின் நடுப்புள்ளி என்று நினைக்கிறேன். ஐ.டி.இ.யின் அகலமான ரிப்பனில் ஒரே நேரத்தில் 16 பிட்டுகள் பக்கம் பக்கமாக ஓடின. அதனால் வேகத்தைப் பைட்டில் சொல்வது இயல்பாக இருந்தது. வேகம் ஏற ஏறப் பதினாறு கம்பிகளிலும் பிட்டுகள் ஒரே நொடியில் வந்து சேருவது கடினமாகிவிட்டது. அதனால் சாட்டா என்ற புது இணைப்பில், ஒரு திசைக்கு ஒரே ஒரு ஜோடிக் கம்பியில் பிட்டுகளை வரிசையாக, ஆனால் மிக வேகமாக அனுப்பினார்கள். தொலைபேசிக்காரர்களும் ஒளியிழைக்காரர்களும் எப்போதும் செய்துவந்த வேலை அது. அன்று முதல் டிஸ்கும் பிட்டில் பேசத் தொடங்கியது: 1.5 கிகாபிட், பிறகு 3, பிறகு 6.

ஆனால் 6 கிகாபிட்டை 8-ஆல் வகுத்தால் வருகிற 750 மெகாபைட் சாட்டாவில் கிடைக்காது. 600-தான் கிடைக்கும். காரணம் 1983-இல் ஐ.பி.எம். பொறியாளர்கள் விட்மரும் ஃப்ரானசெக்கும் வெளியிட்ட ஒரு குறிமுறை. வரிசையாக அனுப்பும் கம்பியில் நேரம் காட்டத் தனிக் கம்பி கிடையாது. வந்து சேரும் பிட்டுகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே வாங்குகிற பக்கம் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். நூறு பூஜ்யங்கள் தொடர்ந்து வந்தால் அது எண்ணிக்கையைத் தவறவிட்டுவிடும். அதனால் ஒவ்வொரு 8 பிட்டையும், ஒன்றும் பூஜ்யமும் போதுமான அளவு கலந்த 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். தொட்டியத்திலிருந்து வெளியூர் லாரியில் ஏறும் ரஸ்தாளித் தாருக்கு வாழைச் சருகு சுற்றுவதைப் போல: எடைமேடையில் சருகின் எடையும் சேர்ந்துதான் ஏறும், ஆனால் சருகு இல்லாமல் பழம் அடிபடாமல் போய்ச் சேராது. ஒளியிழையில் ஓடும் கிகாபிட் ஈதர்நெட், தரவு மையங்களில் டிஸ்குகளை இணைக்கும் ஃபைபர் சேனல், சாட்டா, 2008-இல் வந்த யு.எஸ்.பி. 3.0 எல்லாவற்றிலும் இதே சருகுதான். யு.எஸ்.பி. 3.0-இன் 5 கிகாபிட்டில் 4 மட்டுமே சரக்கு. பைட்டில் 500 மெகாபைட். கிகாபிட் ஈதர்நெட்காரர்கள் நாணயமாகச் சரக்கின் எடையை மட்டும் சீட்டில் எழுதினார்கள்: இழையில் ஓடுவது 1.25, பெயரில் இருப்பது 1. டிஸ்க்காரர்களும் யு.எஸ்.பி.காரர்களும் சருகோடு சேர்த்து எழுதினார்கள். ஆகவே இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் 8-ஆல் வகுப்பதோடு நிற்காமல், எழுதியிருப்பது எந்த எடை என்றும் பார்க்க வேண்டும். எட்டுக்குப் பத்து முறையில் ஓடுகிற இணைப்பில் கம்பி வேகத்தைப் பத்தால் வகுத்துவிட்டால் போதும். பைட் நேராக வந்துவிடும்.

இனி அந்தப் பஸ்ஸின் வேகத்தைக் கணக்குப் போடலாம். 500 ஜிபி டிஸ்க், இரண்டு மணி நேரப் பயணம். 40 லட்சம் மெகாபிட்டை 7,200 வினாடியால் வகுத்தால் 555 மெகாபிட். கேட்கவே பிரமிப்பாக இருக்கும். ஆனால் டிஸ்க் தானாக நிரம்புவதில்லை. 2010 வாக்கில் எல்லோர் கையிலும் இருந்தது யு.எஸ்.பி. 2.0, பெட்டியில் 480 மெகாபிட் என்று இருக்கும், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 30 கிடைக்கும். 500 ஜிபியை ஏற்ற நாலரை மணி நேரத்துக்கும் மேல். திருச்சியில் இறக்க அதே அளவு. இரண்டையும் பயணத்தோடு கூட்டினால் 40,533 வினாடி. வகுத்தால் 98.7 மெகாபிட்.

பஸ்ஸும் யு.எஸ்.பி. 2.0-உம் சேர்ந்த வழி, ஏறத்தாழ ஒரு நூறு மெகாபிட் லைன்தான். அந்த நாட்களில் அப்படியொரு லைன் ஊரில் யாருக்கும் கிடையாது. இன்று நூறு மெகாபிட் சாதாரணச் சந்தா. பழைய பஸ்ஸுக்கு அது சமமாகிவிட்டது. ஆனால் ஏற்றி இறக்கும் வேகத்தில் டிஸ்கும் முன்னேறியிருக்கிறது. யு.எஸ்.பி. 3.0-இல் சுழலும் டிஸ்க் சராசரியாக 100 மெகாபைட் கொடுத்தால் மொத்தப் பயணமும் 232 மெகாபிட்டுக்குச் சமம். சுழலாத எஸ்.எஸ்.டி. 400 மெகாபைட் கொடுத்தால் 412 மெகாபிட். 300 மெகாபிட் சந்தாக்காரரைக் கண்டக்டர் இன்னும் முந்தத்தான் செய்கிறார். சரக்கு மலைபோல் இருந்து, மாலைக்குள் அங்கே வேண்டும் என்றால் டிஸ்கைக் கொடுத்தனுப்புவதே புத்திசாலித்தனம். நாற்பது போட்டோவுக்கு அது வீண்.

எவ்வளவு சரக்கு என்பதையும் பார்க்க வேண்டும். இப்போது கல்யாணங்களில் 4-கே வீடியோ எடுக்கும் கேமராக்களில் 100 மெகாபிட் வேகத்தில் பதிவது சாதாரணம். மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, தலா நான்கு மணி நேரம் என்றால் 360 ஜிபி. கேமரா பதிகிற வேகமும் நூறு மெகாபிட் லைனின் வேகமும் ஒன்றாக இருப்பதால், ஒரு மணி நேரம் எடுத்ததை அனுப்ப ஒரு மணி நேரம் ஆகும். மினி டி.வி. கேசட் காலத்தில் ஒரு மணி நேர நாடாவைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

மேசைமேல் இருக்கும் முட்டுக்கட்டை என்றேனே, அது இங்கே வருகிறது. 300 மெகாபிட் லைன் வினாடிக்கு 37.5 மெகாபைட் கேட்கிறது. கார்டு ரீடர் பழைய யு.எஸ்.பி. 2.0 என்றால் நல்ல நிலையில் 35 கொடுக்கும். கண்ணாடி இழை காத்திருக்கிறது. கார்டு ரீடர் திணறுகிறது. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் பிடித்திருந்தால், பக்கத்துக் கடைகளின் சிக்னல்களுக்கு நடுவே 50 மெகாபிட் கிடைத்தாலே பெரிது. இன்னொன்று நான் அடிக்கடி பார்ப்பது. பெட்டியிலிருந்து கணினிக்கு வரும் நீலக் கேபிளில் எட்டுக் கம்பிகள் உண்டு. அவசரத்தில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அல்லது எட்டில் ஒன்று அறுந்திருக்கும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நான்கு இருந்தால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிப் பேசாமல் வேலை செய்யும். எந்த விளக்கும் சிவப்பாகாது. மாதாமாதம் 300-க்குப் பணம் கட்டி 100 வாங்கிக்கொண்டிருப்போம். நெட்வொர்க் அமைப்பில் போய் இணைப்பு வேகம் 1,000 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தெருவிலும் கணக்கு இருக்கிறது. வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பெரும்பகுதி ஜிபான் முறை. ஆபரேட்டரின் பெட்டியிலிருந்து வரும் ஒரு இழை, மின்சாரமே இல்லாத ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. பிரியும்போது வெளிச்சமும் பங்காகிவிடும். பவர் மீட்டரில் மைனஸ் 20 என்று காட்டினால் நல்ல லைன் என்பார்கள். அது ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு வெளிச்சம். அந்தத் துளி வெளிச்சத்தில் வினாடிக்கு 2.488 கிகாபிட் கீழே இறங்கி வருகிறது, 1.244 மேலே போகிறது. 2.488 என்ற இந்தக் கோணல் எண் எங்கிருந்து வந்தது? 155.52-ஐ 16-ஆல் பெருக்கிப் பாருங்கள். பழைய எஸ்.டி.எம். சட்டகத்தின் நேர்வாரிசு இது. ஜிபானின் ஒவ்வொரு சட்டகமும் 125 மைக்ரோவினாடி, வினாடிக்கு 8,000. எஸ்.டி.டி. பூத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய குரலை அளந்த அதே துடிப்பின் மேல்தான் இன்று ரீல்ஸ் ஓடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தி இது.

2.488 கிகாபிட் என்பது 311 மெகாபைட். சுழலும் சாதாரண ஹார்டு டிஸ்க் ஒன்றால் அவ்வளவு எழுத முடியாது. நல்ல டிஸ்க் 150, 200-இல் நின்றுவிடும். ஆயிரக்கணக்கான சிறு போட்டோக்கள் என்றால் அதன் ஊசி அங்கும் இங்கும் ஓடி அதற்கும் கீழே போகும். ஒரு காலத்தில் டிஸ்கின் கேபிளைவிட 14,000 மடங்கு பின்தங்கியிருந்த லைன், தெருமுனையில் டிஸ்கைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குள் கிகாபிட் சந்தா வாங்கினாலே 125 மெகாபைட். டிஸ்கின் வாசலில் வந்து நிற்கிறது.

ஆனால் மேலே போகும் பாதை பாதிதான் என்பதை மறக்கக் கூடாது. தொட்டியம் மதுரை காளியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவில் தேரைத் தோளில் சுமந்து வருவார்கள். திருச்சியிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் அதை நேரலையில் பார்க்க ஏங்குகிறார்கள். தெளிவான நேரலைக்கு 6 மெகாபிட் தடங்கலில்லாமல் மேலே போக வேண்டும். 2005-இன் பிராட்பேண்டைப் போல 23 மடங்கு. இன்று அது எளிது. ஆனால் ஒரே ஸ்ப்ளிட்டரில் 32 பேரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் 1,244-ஐப் பங்கு போட்டு ஆளுக்கு 39 மெகாபிட்கூட வராது. இதுவரை வீடுகள் பார்க்கிற இடமாக மட்டும் இருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. வீடியோ எடுக்கிறவர், தாரின் படத்தை வெளியூர் வியாபாரிக்கு அனுப்புகிற வாழை விவசாயி, சி.சி.டி.வி. பதிவை வெளியே சேமிக்கிற கடைக்காரர் என்று எல்லோரும் அனுப்புகிறவர்களாகிவிட்டார்கள். ஆபரேட்டர்களின் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதோ இறங்கும் வேகம். ஏறும் வேகம் எவ்வளவு, அது எத்தனை பேருக்குப் பொதுவானது என்று சந்தா எடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். அது நம் உரிமை.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 கிகாபிட் கொண்டுபோவது மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்தின் திட்டம். தொட்டியத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அதில் அடக்கம். பைட்டில் 125 மெகாபைட், ஒரு ஊராட்சி முழுவதற்கும். ஜிபானுக்கு அடுத்துவரும் எக்ஸ்.ஜி.எஸ்.-பான் முறையில் 9.953 கிகாபிட் இரு திசையிலும் சமமாக ஓடும், 155.52-இன் 64 மடங்கு அது. 32 வீடுகள் ஒன்றாக அனுப்பினாலும் ஆளுக்கு 311 மெகாபிட். அந்தப் பெட்டி தெருவுக்கு வருகிற நாளில் ஸ்டுடியோவின் கார்டு ரீடரும், நீலக் கேபிளின் எட்டுக் கம்பிகளும், சுழலும் டிஸ்கும் மாறியிருக்க வேண்டும்.